மறைந்த உருவைக் காணல் (விலங்குகளில்)

ஒரு பொருளின் ஒரு பகுதி வேறொன்றால் மறைக்கப்பட்டிருந்தாலும் அதை முழுப்பொருளாகவே காணும் திறன். உளவியலார் இதை வடிவ நிறைவு என்பர்.

மனிதரல்லாத உயிர்களில் இதற்குத் தெளிவான சான்று கோழிக்குஞ்சு. பொரிந்ததும் பார்க்கும் பொருளைத் தாயாகக் கொண்டு ஒட்டிக்கொள்ளும் அதன் இயல்பை இத்தாலிய ஆய்வாளர்கள் ரெகோலினும் வல்லோர்திகாராவும் 1995இல் பயன்படுத்திக்கொண்டனர். சிவப்பு அட்டை முக்கோணத்துடன் வளர்ந்த குஞ்சுகளுக்கு இரண்டு உருவங்கள் காட்டப்பட்டன. ஒன்றில் முக்கோணத்தின் குறுக்கே ஒரு பட்டை மறைத்திருந்தது. மற்றதில் முக்கோணமே துண்டுபட்டிருந்தது. குஞ்சுகள் மறைக்கப்பட்டதையே நாடின. பகுதி மறைந்த முக்கோணத்துடன் வளர்ந்தவை, பின்னர் முழு முக்கோணத்தைத் தேர்ந்தன. பிறந்து சில நாளே ஆன குஞ்சுக்கு இது பெரிய காரியம். கெல்மன், ஸ்பெல்கி ஆய்வில் (1983) நான்கு மாத மனிதக் குழந்தைகள்கூட, மறைப்புக்குப் பின்னுள்ள கோல் அசைந்தபோதுதான் அதை ஒரே கோலாகக் கொண்டன.

சிம்பன்சி, எலி ஆகியவற்றிடமும் இத்திறன் காணப்பட்டுள்ளது. புறாதான் புதிர். பல சோதனைகளில் அது கண்ணுக்குத் தெரியும் துண்டை மட்டுமே கணக்கில் கொண்டது. தீனியின் படத்தைக் காட்டியும் பலனில்லை. தானியம் பொறுக்கும் பறவைக்கு இத்திறன் தேவையில்லை என்பர்; கோழியும் தானியம் பொறுக்குவதால் அவ்விளக்கம் போதாது. தக்க பயிற்சிக்குப்பின் புறாக்கள் மறைந்த உருவங்களை முன்னிலும் நன்றாக அடையாளம் கண்டதும் உண்டு.

முதுகெலும்பற்றவற்றில் கணவாய், விட்டுவிட்டுத் தெரியும் விளிம்புகளை இணைத்துக் கண்டு, அதற்கேற்பத் தோலின் கோலத்தை மாற்றிக்கொள்வது 2012இல் பதிவாயிற்று.