பிளவுபட்ட உதடும் பரம்பரையும்

மேலுதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்தால் நம்மவர் முதலில் என்ன கேட்கிறோம்? "கிரகணத்தின்போது தாய் வெளியே போனாளா? கத்தியைத் தொட்டாளா?" என்றுதான். பெற்றவள் வேதனையோடு பழியையும் சுமக்கிறாள். இந்தப் பழி நியாயமா என்று பார்ப்போம்.

கருவில் முகம் தனித்தனிப் பகுதிகளாகத் தோன்றுகிறது. அவை ஏறக்குறைய 7-ஆவது வாரத்திற்குள் கூடி மேலுதடாகின்றன. வாயின் மேற்கூரையாகிய அண்ணம் 12-ஆவது வாரத்திற்குள் மூடிக்கொள்கிறது. கூடவேண்டியவை கூடாவிட்டால் பிளவு நின்றுவிடுகிறது. கிரகணத்திற்கு இதில் வேலையே இல்லை.

அப்படியானால் காரணம் என்ன? டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் போல் ஃபோக்-ஆண்டர்சன், 700-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்து 1942-இல் ஒரு நூல் வெளியிட்டார். உதட்டுப் பிளவு சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும், அண்ணம் மட்டும் பிளப்பது வேறொரு குறை என்பதையும் அவர் காட்டினார்.

1951-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஃபிரேசர் என்பவரும் அவருடன் உழைத்தவரும் கருவுற்ற எலிகளுக்குக் கார்ட்டிசோன் மருந்து கொடுத்தனர். குட்டிகள் சிலவற்றுக்கு அண்ணம் பிளந்திருந்தது. மருந்து ஒன்றேயானாலும், எலியின் வம்சத்திற்கேற்பப் பாதிப்பு கூடவோ குறையவோ செய்தது. பரம்பரையும் சூழ்நிலையும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பது இதனால் விளங்கிற்று.

பால் மரத்து மங்கை நினைத்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, விளிம்பைத் தாண்டினால்தான் பால் வழிகிறது. எந்தச் சொட்டினால் வழிந்தது என்று சொல்ல முடியுமா? பிளவும் அப்படித்தான். பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. கர்ப்பிணி புகைப்பதும், சில வலிப்பு மருந்துகளும் அவற்றோடு கூடலாம். வான் டெர் வூட் எனப்படும் அபூர்வக் குறையிலோ ஒரே மரபணு போதும். அது 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

மரபணுக்களில் பாதி தந்தை வழி வருவதை மறக்கலாகாது. பிறகு தாயை மட்டும் பழிப்பது எப்படித் தகும்? குறையில்லாத பெற்றோருக்கு உதடு பிளந்த ஒரு குழந்தை பிறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கும் அக்குறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய நான்குதான்.

உதட்டைச் சில மாதங்களிலேயே தைத்துவிடலாம். அண்ணத்தைப் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் சரிசெய்கிறார்கள். ஆகவே பிள்ளையை ஒளித்து வைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். பெற்றவளைக் குற்றவாளியாக்காமல் அவளுக்குத் துணை நிற்போம்.