சவரக் கத்தியின் இரு மரபுகள்



அரசர் ஏந்திய வாளைப் பற்றி வரலாறு நிறையப் பேசுகிறது. நாவிதர் கையிலுள்ள கத்தியைப் பற்றி அது பேசுவது அரிது. ஆயினும், ஒரு நாட்டின் சமயமும் சமுதாய ஒழுங்கும் கைத்தொழிலும் அச்சிறு கத்தியிலும் தம் சுவட்டைப் பதித்துச் செல்வதுண்டு. யப்பானியரின் 'கமிசோரி' என்னும் சவரக் கத்தி இதற்குத் தக்க சான்றாகும்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டிலே கொரியா வழியாகப் பௌத்தம் யப்பானை அடைந்தது. துறவு பூணுவோர் தலையை மழித்தல் வேண்டும் என்பது அச்சமய விதி. பிக்குவுக்குரிய எட்டுப் பொருள்களுள் சவரக் கத்தியும் ஒன்று என்பதை இலங்கையராகிய நாம் அறிவோம். துறவியர் கருவியாக விளங்கிய இக்கத்தி, பின்னர் இல்லறத்தாரிடமும் சென்றது. சாமுராய் வீரர் முன்னந்தலையை மழித்து, எஞ்சிய மயிரைக் குடுமியாக முடிந்தனர். எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, இவ்வழக்கம் பொதுமக்களிடையேயும் பரவியது. நாவிதர் தொழிலும் பெருகிற்று.

இனி, மேனாட்டுக் கத்தியோடு இதனை ஒப்பிட்டு நோக்குவோம். இங்கிலாந்தின் செபீல்டு, செருமனியின் சொலிங்கன் ஆகிய நகரங்கள் மேனாட்டுச் சவரக் கத்திக்குப் பேர்பெற்றவை. அக்கத்தியின் அலகு கொம்பு, தந்தம், மரம் முதலியவற்றாலான பிடிக்குள் மடங்கும். மடக்கியபின் கூர்முனை பிடிக்குள் மறைந்து காக்கப்படும். அலகு முழுவதும் ஒரே உருக்கு. அதன் இருபுறமும் ஒரேபடியாகக் குழித்துச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும்.

கமிசோரி மடங்குவதில்லை. அலகும் பிடியும் ஒரே துண்டாக நீளும். பிடியின்மேல் பிரம்போ கயிறோ சுற்றுவதும் உண்டு. அலகு குறுகியது. மெல்லிய இரும்போடு கடினமான உருக்கை உலையிலிட்டு அடித்துப் பொருத்துவர். கூர்முனையைத் தருவது உருக்கு. அதனைத் தாங்குவது இரும்பு. இருபுறமும் ஒத்த வடிவுடையன அல்ல. ஆதலால் தீட்டும்போதும் ஒரு புறத்தை மிகுதியாகவும் மறுபுறத்தைக் குறைவாகவும் கல்லில் தேய்ப்பது வழக்கம். யப்பானிய வாளிலும் சமையற் கத்தியிலும் காணப்படும் கொல்லர் நுட்பமே இங்கும் காணப்படுகின்றது.

1871இல் குடுமியைக் களையவும் வாளின்றி நடமாடவும் அரசு அனுமதி அளித்தது. 1873இல் மெய்ஜிப் பேரரசரே தம் குடுமியைக் களைந்தார். 1876இல் படையினர், காவலர் முதலியோர் தவிர ஏனையோர் வெளியிடங்களில் வாள் தரித்தல் தடைசெய்யப்பட்டது. தலை மழிக்கும் வழக்கம் அருகியது, வாட்கொல்லரும் பிழைப்பிழந்தனர். அவர்களுட் பலர் கத்தி, கத்தரிக்கோல், சவரக் கத்தி ஆகியவற்றைச் செய்யலாயினர். வாளுக்குரிய திறன் வீட்டுக் கருவிகளுக்கு வந்து சேர்ந்தது.

1903இல் அமெரிக்காவில் கில்லெட் நிறுவனத்தாரின் காப்புச் சவரக் கருவி விற்பனைக்கு வந்தது. தீட்டவேண்டாத தகட்டின்முன் இரு மரபுகளும் நாளடைவில் தளர்ந்தன. எனினும், நீகாத்தா மாவட்டத்துச் சஞ்சோ நகரில், உலோகவியல் கற்ற இவசாக்கி கோசுகே என்பவர், இரும்பு மணலை உருக்கிப் பெறும் பழைய வாளுருக்கினால் கமிசோரி செய்து புகழ் பெற்றார்.

ஒரு கருவியின் தேவை குன்றும்போது அதனைச் செய்யும் கையின் அறிவும் உடன் மறையக்கூடும். அவ்வறிவு வேறொரு கருவியிலே புகலிடம் தேடிக்கொள்ளின், மரபு பிழைக்கின்றது. யப்பானியக் கொல்லர் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.