கிறிஸ்தவர்களுக்கு ஏன் தனிக் கட்சி இல்லை?

ஜெர்மனியில் தேர்தல் வந்தால் நம் பேப்பர்களில் 'கிறிஸ்தவ ஜனநாயக யூனியன்' என்ற பெயர் அடிபடும். அடினவர் காலத்திலிருந்து அங்கே அதிக நாள் ஆண்ட கட்சி அதுதான். போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஏன் சார், தமிழ்நாட்டுல நூத்துக்கு ஆறு பேர் கிறிஸ்தவங்க. சாதிக்கொரு கட்சி இருக்கு, அவங்களுக்கு ஏன் இல்ல?" நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு காரணம் வெறும் கணக்கு. ஓட்டு விகிதப்படி இடம் தரும் நெதர்லாந்தில் 150 பேர் கொண்ட சபையில் ஆறு சதவீதம் வாங்கினால் ஒன்பது பேர் உள்ளே போகலாம். நம் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஒரு தொகுதி, ஒரு உறுப்பினர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார். ஆறு சதவீதம் ஊரெல்லாம் சிதறிக் கிடந்தால் மிஞ்சுவது பூஜ்யம். இங்கிலீஷ் பேசும் நாடுகள் பலவற்றிலும் கிறிஸ்தவக் கட்சி தலையெடுக்காததற்கு இது ஒரு காரணம். பிரிட்டனில் தொழிற்கட்சியை வளர்த்த கெய்ர் ஹார்டியே சர்ச்சில் பிரசங்கம் செய்தவர். தனிக் கட்சி தேவைப்படவில்லை. ஆஸ்திரேலியா மட்டும் கொஞ்சம் விலக்கு. 1955-ல் கம்யூனிச எதிர்ப்புக் கத்தோலிக்கர்கள் பலர் தொழிற்கட்சியை விட்டுப் பிரிந்து ஜனநாயகத் தொழிற்கட்சி ஆனார்கள். அங்கே வாக்காளர் இரண்டாவது விருப்பத்தையும் குறிக்க வேண்டும். அந்த இரண்டாவது விருப்பத்தை எதிரணிக்குத் திருப்பிவிட்டே, தாய்க் கட்சியை 1972 வரை ஆட்சிக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்!

ஒரே இடத்தில் திரண்டிருந்தால் நம் முறையிலும் கட்சி நடத்தலாம். நம் தென்னார்க்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1952-ல் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடம் பிடித்தது. கேரளத்தில் 1964-ல் கோட்டயத்தில் பிறந்த கேரளா காங்கிரசும் அப்படித்தான். கே.எம். மாணி 1965 முதல் 2019-ல் இறக்கும்வரை பாலா தொகுதியில் தோற்கவேயில்லை. சுரங்கத்தில் என்னோடு ஷிப்ட் பார்த்த கோட்டயத்துக்காரரிடம், "உங்க கிறிஸ்தவக் கட்சி எப்படி இருக்கு?" என்று சீண்டுவேன். "அது ரப்பர் கட்சி சாரே" என்பார். அந்தக் கட்சிக்குப் பெயர் வைத்ததே நாயர் சமூகத் தலைவர் மன்னத்து பத்மநாபன்தான்.

கன்னியாகுமரியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அங்கே மார்ஷல் நேசமணி தலைமையில் ஒரு கட்சி எழுந்தது. ஆனால் அதன் பெயர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். கேட்டது மதத்துக்கான இடத்தை அல்ல, மொழிக்கான எல்லையை. 1956 நவம்பர் 1 அன்று அது கிடைத்ததும் அந்தக் கட்சிக்கு வேலை முடிந்தது.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். கட்சி தொடங்க நம் கிறிஸ்தவர்களுக்கு ஒரு காலத்தில் நல்ல வசதி இருந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1919 சட்டப்படி சென்னை சட்டசபையில் அவர்களுக்கு ஐந்து இடம். 1935 சட்டத்தில் எட்டு. அதுவும் தனி வாக்காளர் தொகுதி. கிறிஸ்தவர் மட்டும் ஓட்டுப் போட்டுக் கிறிஸ்தவரைத் தேர்ந்தெடுக்கலாம்.

இது வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு தமிழர்கள் லண்டன் வரை போய் மாறுபட்டு நின்றார்கள். 1930 வட்டமேஜை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் போனவர்கள் சேலத்துக்காரர் கே.டி. பால், தஞ்சைப் பக்கத்து ஏ.டி. பன்னீர்செல்வம். பால் புராட்டஸ்டண்ட், ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலாளர். பன்னீர்செல்வம் கத்தோலிக்கர், பாரிஸ்டர், நீதிக்கட்சிக்காரர். தனித் தொகுதி என்பது நம்மைச் சுற்றி நாமே கட்டும் சுவர் என்பது பாலின் கட்சி. பன்னீர்செல்வத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெரும்பான்மையின் தயவில் உட்காருவதைவிட உரிமையாக உட்காருவதே மேல் என்று நினைத்தார். பால் 1931 ஏப்ரலில் காலமானார். அந்த ஆண்டு இரண்டாம் மாநாட்டில் பன்னீர்செல்வம், ஆகா கான், அம்பேத்கர் ஆகியோருடன் சிறுபான்மையோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1932-ல் மக்டொனால்டு தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த பிஷப் அசரியா போன்றவர்கள் அதையும் எதிர்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

தனித் தொகுதி கேட்ட அதே பன்னீர்செல்வம் தனிக் கட்சி கேட்கவில்லை, கவனித்தீர்களா? கடைசிவரை நீதிக்கட்சிதான். இந்தி எதிர்ப்பில் ராஜாஜியைச் சட்டசபையில் நேருக்கு நேர் எதிர்த்தார். 1940 மார்ச் 1 அன்று லண்டன் போகும் வழியில் அவர் ஏறிய ஹனிபல் விமானம் ஓமன் வளைகுடாவில் காணாமல் போனது. பெரியார் துடித்துப் போனார். இருந்திருந்தால் 1949-ல் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

ஏனென்றால் 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் அந்த இடங்கள் கைவிடப்பட்டன. சிறுபான்மையினர் துணைக்குழுத் தலைவர் எச்.சி. முகர்ஜி ஒரு வங்காளக் கிறிஸ்தவர். சென்னையிலிருந்து போயிருந்தவர் லயோலா கல்லூரியின் ஜெரோம் டிசூசா பாதிரியார். இருவரும் இட ஒதுக்கீடு வேண்டாம் என்பதற்கு ஆதரவாக நின்றார்கள். மதத்தைப் பரப்பும் உரிமையும் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையும் சாசனத்தில் எழுதப்பட்டன. கல்லூரியும் ஆஸ்பத்திரியும் உள்ள சமூகத்துக்கு இது நஷ்டமான பேரம் இல்லை. சட்டசபையில் எட்டுப் பேரைவிட இது பெரிது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சமூகத்தில் எல்லோரும் கல்லூரி வைத்திருப்பவர்கள் இல்லையே. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் ஆதிதிராவிடர் பட்டியலில் இடம் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இன்னும் சேர்க்கவில்லை. நம் மாவட்டத்தில் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோவிலும் தனித் தொகுதிகள். அங்கே காலனியில் ஒரே தெருவில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி மாதா கோயிலுக்கும் போனால், ஓட்டு இருவருக்கும் உண்டு. வேட்புமனு மட்டும் அண்ணன்தான் போடலாம். கிறிஸ்தவருக்கான இடமும் போய், ஆதிதிராவிடருக்கான இடமும் போய் நிற்கிற அந்தத் தம்பியை 1949-ல் யாரும் கேட்கவில்லை.