மூங்கில் ஊசி

யூடியூப்பில் ஒரு வகைக் காணொளிகள் உண்டு. ஓர் ஆள் கையில் ஒரே ஒரு பாராங்கோடு காட்டுக்குள் போவார். பத்து நிமிடத்தில் மூங்கிலில் குவளை, கட்டில், தண்ணீர்க் குழாய் எல்லாம் தயார். பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இவற்றில் தனி மயக்கம். ஒருநாள் பின்னால் நின்று பார்த்த பாட்டி சொன்னார்: "இதெல்லாம் சயாமுக்குப் போனவங்க செஞ்சதுதான்டா. எங்கப்பாரு சொல்லுவாரு. அப்போ யாரு படம் புடிச்சா?"

அதற்குப் பிறகுதான் சயாம் மரண ரயிலைப் பற்றித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன்.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் ஜப்பானிய ராணுவம் தொடங்கிய பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. வேலை செய்தவர்களில் 60,000-க்கும் மேற்பட்டோர் நேச நாட்டுப் போர்க்கைதிகள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகம் ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து சரக்கு ரயிலில் ஏற்றப்பட்ட நம் ஆட்கள்.

காட்டில் தாராளமாகக் கிடைத்தது மூங்கில் மட்டும்தான். கணுவுக்குக் கீழே வெட்டினால் அடிப்பாகம் மூடிய குவளை. கணுக்களை இடித்துத் திறந்தால் குழாய். பிளந்து தட்டிப் பரப்பினால் படுக்கும் பரண். பச்சை மூங்கிலில் தண்ணீர் ஊற்றி நெருப்பில் வைத்தால், உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது சட்டென்று எரிந்துபோகாது. குடிசைக்குத் தூணும் அதுதான், மேலே அத்தாப்பு.

அதே மூங்கில் ஆளையும் கொன்றது. அதன் முள்ளோ சிராயோ காலில் கீறினால், சத்தில்லாத உடம்பில் அந்தக் கீறல் எலும்பு தெரியும் புண்ணாக மாறியது. பலருக்குக் காலையே எடுக்கவேண்டி வந்தது. அவர்களுக்குச் செயற்கைக் காலும் மூங்கிலிலேயே செய்யப்பட்டது.

1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. காலராவில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் சில மணி நேரத்திலேயே வடிந்துவிடும். திரும்ப ஏற்றினால் ஆள் பிழைக்கலாம். ஹின்டோக் முகாமில் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் வியரி டன்லப்பின் குழு தண்ணீரைக் காய்ச்சி வடித்து, சாதாரண உப்பைக் கலந்து, ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர் குழாய் வழியாக நரம்பில் ஏற்றியது. முகாம்களில் ஊசிக்குப் பதில் கூராகச் சீவிய மூங்கிலும் பயன்பட்டது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு நல்ல பொறியியலை நான் பார்த்ததில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000-க்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. விகிதத்திலும் அது கைதிகளைவிட மிக அதிகம்.

அதே காடு, அதே ஆறு, அதே மூங்கில். அப்புறம் ஏன்?

கூலிகளுக்குச் சுத்தம் தெரியாது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பால்மரக் காட்டில் பிழைத்தவர்களுக்குப் பாராங் பிடிக்கத் தெரியாதா, தண்ணீர் காய்ச்சத் தெரியாதா? போர்க்கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள். காய்ச்சிய தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும், சாப்பிடும் முன் தட்டைக் கொதிநீரில் முக்கவேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நோயாளியை வேலைக்கு இழுக்காதே என்று வாதாடவும் ஆள் இருந்தது. தமிழர் முகாம்களில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. சாங்கியிலிருந்து கைதி மருத்துவர்கள் அடங்கிய கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ் என்ற இரண்டு குழுக்கள் தொழிலாளர்களுக்காக அனுப்பப்பட்டன. அதற்குள் காலரா முந்திவிட்டது. பொருள் காட்டில் கிடைக்கும்; காய்ச்சி முடிக்கும்வரை வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரம் காட்டில் கிடைக்காது.

பதிவும் அப்படித்தான். கைதி ஓவியர் ஜாக் சாக்கர் முகாம் மருத்துவத்தைப் படமாக வரைந்தார். அவருடைய ஓவியங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. நம் பக்கம் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்ற நாவல்கள் இருக்கின்றன. நம் ஆட்கள் கையால் செய்த ஒரு குவளையின் படத்தைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை.

பாட்டியிடம் மறுபடி கேட்டேன், கொள்ளுத்தாத்தா அங்கே என்னென்ன செய்தார் என்று. "அதெல்லாம் வெவரமா சொன்னதில்லடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா திரும்பி வந்தப்புறம் வீட்டுல மூங்கில் சாமானே சேக்க விடமாட்டாரு. கோழிக்கூடுகூட பலகையிலதான் அடிச்சாரு."