போடி ஏலம்: விலை யாருக்குத் தெரிந்தது?

தமிழில் ஏலம் என்றால் இரண்டு. ஒன்று காய், இன்னொன்று கூவி விற்கும் முறை. காயைக் குறிக்கும் சொல் பழையது. விற்பனையைக் குறிக்கும் சொல் போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ வழியாகக் கப்பலில் வந்தது. மலையாளத்தில் அது இன்றும் ‘லேலம்’தான். போர்த்துக்கீசியருக்கு அந்தச் சொல் அரபியிலிருந்து கிடைத்தது. அங்கே அதன் மூலப் பொருள் ‘அறிவித்தல்’. போடிநாயக்கனூரில் இந்த இரண்டு ஏலமும் ஒரே கூரையின் கீழ் சேர்கின்றன. அங்கே எந்தக் காலத்தில் யாருக்கு எது அறிவிக்கப்பட்டது, யாரிடமிருந்து எது மறைக்கப்பட்டது என்று பார்த்துக்கொண்டே போனால், அந்த ஊரின் வணிக வரலாறு தானாகவே விரியும்.

போடிக்கு மேற்கே மலை சுவர்போல நிற்கிறது. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் கேரளம். இடுக்கி மாவட்டத்தின் ஏலமலை. தோட்டம் மேலே, சந்தை கீழே. விடியும் முன்பே காய் எடுக்கும் பெண்கள் ஜீப்பில் மலையேறுகிறார்கள். மேலே ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்ந்த காய் மூட்டையாக இறங்கி வருகிறது. இடையே 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை விழுந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அதற்கு முன்பும் அங்கே ஒரு கோடு இருக்கத்தான் செய்தது. மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம், கீழே பிரிட்டிஷாரின் மதுரை ஜில்லா, அதற்குள் போடி ஜமீன்.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலமலையின் காய் திருவிதாங்கூர் சர்க்காரின் ஏகபோகச் சரக்கு. விளைவித்தவர் அதைத் தன் விருப்பப்படி விற்க முடியாது. சர்க்காரின் கிட்டங்கியில் ஒப்படைத்துவிட்டு, சர்க்கார் கணக்குப் பார்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காய் ஆலப்புழைத் துறைமுகத்துக்குப் போய் விலைபோனது. இன்றும் ஏலக்காயின் தரப் பெயர்களில் ‘ஆலப்பி கிரீன்’ இருப்பது அந்தக் காலத்தின் மிச்சம். மலையில் காடு வெட்டிப் பயிர் செய்தவர்களில் கீழ்நாட்டுத் தமிழர்கள் பலர். அவர்கள் கண்ணில் ஆலப்புழை விலை படவே படாது. விலை சர்க்காரின் ஏட்டில் இருந்தது. உழைப்பு மட்டும் குடியானவனிடம் இருந்தது. 1890களில் ஏகபோகம் நீங்கி நிலவரி வந்த பிறகுதான் காய் மலையின் கிழக்குச் சரிவில் வெளிப்படையாக இறங்கி, போடி சந்தையாக வளர்ந்தது.

வழிகளும் அதற்குத் துணை நின்றன. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறங்கிய கயிற்றுப்பாதை மூணாறுத் தேயிலையைக் கீழே கொண்டுவந்தது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. அந்த மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் மறுபடியும் போடி வரை ரயில் ஓடியது.

விலை பேசும் முறைக்கு வருவோம். இந்த வட்டாரத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கையை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட எண் தெரியாது. வாங்குபவன் ரகசியம் வாங்குபவனோடு, விற்பவன் ரகசியம் விற்பவனோடு. இதைக் குறையாகவே சொல்வது வழக்கம். ஆனால் ஒரு மனிதனின் பண முடை ஊருக்குத் தெரியாமல் காத்த துண்டும் அதுதான். கூவி விற்கும் ஏலம் இதற்கு நேர் எதிர். தட்டில் மாதிரிக் காய் சுற்றி வரும். வியாபாரி நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்று கேட்பார். பிறகு வாய்விட்டு விலை. எண் எல்லோர் காதிலும் விழும். அதே நேரத்தில் அதைச் சொன்ன முகமும் எல்லோர் கண்ணிலும் படும். பெரிய வியாபாரி ஒருவர் கேட்ட விலைக்கு மேல், நாளைக்கும் அவரோடு தொழில் செய்ய வேண்டிய சிறு வியாபாரி வாய் திறப்பாரா? முகம் பார்த்து விலை கேட்கும் கூடத்தில் அந்தத் தயக்கம் விவசாயியின் பையிலிருந்துதான் போகும்.

சட்டம் இதற்குள் மெதுவாக நுழைந்தது. 1965இல் ஏலக்காய்ச் சட்டம், மறு ஆண்டு ஏலக்காய் வாரியம். 1986இன் நறுமணப் பொருள் வாரியச் சட்டம் அதை விழுங்கிக்கொள்ள, 1987 பிப்ரவரியில் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்றைய ஸ்பைசஸ் போர்டு பிறந்தது. அதே ஆண்டின் உரிமம் மற்றும் விற்பனை விதிகளின்படி ஏலம் நடத்துகிறவருக்கும் உரிமம் வேண்டும், வாங்கும் வியாபாரிக்கும் உரிமம் வேண்டும். தோட்டக்காரரும் தன் நிலத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்படி ஏட்டில் பெயர் ஏறியது.

2007இல் போடியில் மின்னணு ஏலம் தொடங்கியது. கூவல் நின்றது. வியாபாரி ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்தார். மாதிரிப் பொட்டலம் கையில், எண் திரையில். லாட் எண் வரும், விலை ஏறும், ஏற்ற ஆளில்லாமல் போனால் முடியும். ஏலக்காய்க்குப் போடியும் இடுக்கியின் புற்றடியும் இரண்டு கண்கள் ஆயின. கொரோனா ஊரடங்கில் மாநில எல்லை மூடப்பட்டபோது, வியாபாரி ஒருபக்கம், காய் மறுபக்கம் என்று ஏலம் நின்றுபோனது. பின்னர் இரண்டு கூடங்களையும் இணைத்து ஒரே ஏலத்தில் இரு ஊரிலிருந்தும் கலந்துகொள்ளும் முறை வந்தது. ஒரு கணினிக் கம்பியால் போடிமெட்டைத் தாண்டிய வணிகம் அது.

வாரியத்தின் இணையதளத்தில் ஏலம் நடந்த நாளின் கணக்கு வெளியாகிறது. தேதி, ஏல நிறுவனம், எத்தனை லாட், எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிக விலை, சராசரி விலை. இந்தச் சில கட்டங்களின் மதிப்பை, ஒரு காலத்தில் ஆலப்புழை விலை தெரியாமல் காயை ஒப்படைத்தவரின் வழிவந்தவரால்தான் சரியாகச் சொல்ல முடியும். 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் காணாத விலை. முந்தைய ஆண்டின் பெருமழை, அந்த ஆண்டின் வறட்சி இரண்டும் சேர்ந்து காயைக் குறைத்திருந்தன. அந்த எண் அன்றே மலையெங்கும் கைபேசிகளில் பரவியது. இரண்டே ஆண்டில் விலை ஆயிரத்துக்குக் கீழே சரிந்ததும் அதே வேகத்தில் பரவியது. விலை தெரிவது விலை கிடைப்பதற்கு ஈடாகாது. முதல் உலகப் போருக்கு முன்பு ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் நட்ட ஏலக்காய் குவாத்தமாலாவை உலகின் முதல் உற்பத்தி நாடாக்கிவிட்டது. அந்த நாட்டு விளைச்சல் போடியின் விலையையும் அசைக்கிறது. ஆனாலும் தெரிந்து விற்பதற்கும் தெரியாமல் விற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

விலை வெளியே வந்த இதே காலத்தில் இன்னொன்று உள்ளே குவிந்தது. விவசாயியின் பெயர், பதிவு எண், ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண், சர்வே எண், எத்தனை ஏக்கர், எந்த வாரம் எத்தனை கிலோ கொண்டுவந்தார், எந்த விலைக்கு விட்டார். ஏல நிறுவனத்திடம் கொஞ்சம், வங்கியிடம் கொஞ்சம், ஜிஎஸ்டி பில்லில் கொஞ்சம், உரக்கடைச் செயலியில் கொஞ்சம். தனித்தனியே பார்த்தால் சாதாரணம். சேர்த்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் முடை எப்போது, அவர் எந்த விலைக்கு இறங்கி வருவார் என்பது தெரிந்துவிடும். பழைய துண்டு மறைத்தது இதைத்தான்.

பதிவேட்டின் எண் என்ன செய்யும் என்பது ஏலமலைக்குப் புதிய பாடமல்ல. 1897இல் திருவிதாங்கூர் வெளியிட்ட ஏலமலைக் காப்புக்காட்டு அறிவிப்பில் பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது ஒரு தரப்பு; 2,15,720 ஏக்கர் என்கிறது மறு தரப்பு. இடையே நிற்பது ஒரே ஓர் ‘2’. அந்த ‘2’ இருந்தால் தலைமுறைகளாகக் குடியிருக்கும் ஊர்களும் தோட்டங்களும் காடு; இல்லையென்றால் பெரும்பகுதி வருவாய் நிலம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 அக்டோபரில் ஏலமலையில் புதிய பட்டா வழங்க இடைக்காலத் தடை விழுந்தது. நூறு ஆண்டைத் தாண்டிய ஒரு காகிதத்தின் முதல் இலக்கம் இன்று ஒருவரின் வங்கிக் கடனைத் தீர்மானிக்கிறது. 2022இல் கேரளம் டிஜிட்டல் மறுஅளவையைத் தொடங்கியதும் இந்தக் கவலை கணினிக்கும் ஏறியது. பதிவு பிழையாக இருந்தால் அதைத் திருத்தக் கேட்க வழி இருக்க வேண்டும் என்பது மலைவாசிக்குப் படிப்பறிவால் வந்த கோரிக்கை அல்ல, பட்ட அனுபவம்.

பதிவேட்டில் குவியும் தகவலைச் சட்டத்தால் காப்பதில் சிறு தீவுகள் முந்திக்கொண்டன. மொரீஷியஸ் 2004இலேயே தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, 2017இல் அதைப் புதுப்பித்தது. சிங்கப்பூர் 2012இல் செய்தது. ஏலக்காய் விளையும் இலங்கையும் 2022இல், இந்தியாவுக்கு ஓராண்டு முன்பாகவே, சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு வணிகத்தை நம்பி வாழும் சிறிய நாடுகளுக்கு, அயலார் தகவலை நம்பி ஒப்படைக்கும் இடமாக இருப்பதே முதலீடு. போடியும் அப்படி ஒரு தீவுதான்: தன் மண்ணில் அதிகம் விளையாத சரக்கை, மற்றவர் நம்பிக்கையைக் கொண்டு விற்கும் ஊர்.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027இல்தான் முழுதாக உயிர்பெறும். எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பிழையைத் திருத்தவும் தேவை முடிந்ததை அழிக்கவும் கேட்கலாம். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஓட்டையும் இருக்கிறது. மானியம், உரிமம், சான்றிதழ் போன்றவற்றுக்காக அரசு கையாளும் தகவலுக்கு ஒப்புதல் கேட்க வேண்டாம் என்கிறது 7ஆம் பிரிவு. மானியத்துக்காக ஏலக்காய் விவசாயியும் விவரம் கொடுப்பதால், இந்த விலக்கு அவரையும் தொடுகிறது. இது சட்டத்தின் குறை என்றே சொல்ல வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் மூடிவிடச் சொல்வதும் சரியல்ல. ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் மறுபடியும் ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்தைப் பெருக்கிக் காட்டுகிறார்கள், அதனால் விலை விழுகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் புகார். காய் யாருடைய தோட்டத்தது என்பதைத் தடம் பிடிக்காமல் இதைத் தடுக்க முடியாது. பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டிச் சவுதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பிய அனுபவமும் அதையே கேட்கிறது. ஆக, வாரியம் தோட்டத்தின் தடத்தை அறிந்திருக்கட்டும். அது வியாபாரியின் மேசைக்கும் கடன் கொடுப்பவரின் கைக்கும் போகக் கூடாது. விலையும் வரத்தும் ஊருக்கு. பெயரும் முடையும் அவரவருக்கு.

தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் போடிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. தகவல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தந்தாக வேண்டும். தமிழும் மலையாளமும் அதில் இருக்கின்றன. காயைப் பதியும் இடத்தில், கடன் தரும் இடத்தில், மருந்து விற்கும் செயலியில் அடுத்த முறை கையெழுத்தோ கைரேகையோ கேட்கும்போது, விவசாயிகளே, அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். எதற்கு என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.