சேர்விடாப்பில் இரண்டு பெயர்கள்

மலர்க்குழுவினர் எங்களிடம் கேட்டது, நமது சங்கத்தின் நூறு ஆண்டு வரலாற்றில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பற்றி எழுதும்படிதான். வைத்தியர் என்றபடியால் போசாக்கு, நீரிழிவு என்று ஏதும் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நாங்களோ கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ப் பழைய சேர்விடாப்புகளைக் கேட்டோம். வரலாற்று ஆர்வம் அதற்குப் பெரிய காரணமல்ல. வீட்டில் ஒரு பெயர்ப் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தங்கை ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளும் இங்கு படித்தவள்தான். பல வருடம் காத்திருந்து, 39 வயதில் அவளுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை பிறக்க முன்னரே இரண்டு பெயர்கள் தயாராக இருந்தன. ஒன்று புனிதவதி, அது எங்கள் அம்மம்மாவின் பெயர். மற்றது மங்கையர்க்கரசி; அது தங்கையின் மாமியாரின் பெயர். அம்மம்மா 1996இல் காலமாகிவிட்டார். மாமி நலமாக இருக்கிறார், மகனோடு அதே வீட்டில். இருவரும் நமது கல்லூரியின் பழைய மாணவிகள். எந்தப் பெயரை வைத்தாலும் ஒரு பக்கத்தார் மனம் நோகும் என்ற நிலையில், "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ" என்று தங்கை பொறுப்பை எங்கள் தலையில் வைத்தாள்.

சேர்விடாப்புகள் முழுமையாக இல்லை. இடப்பெயர்விலே சில போயின. கறையான் சிலவற்றைத் தின்றுவிட்டது. மிஞ்சியவற்றை மேசையில் அடுக்கி வைத்து, பெயர்களை மட்டும் வாசித்துக்கொண்டு போனோம். ஆக முந்திய பக்கங்களில் பொன்னம்மா, செல்லம்மா, நாகமுத்து, தையல்முத்து, வள்ளியம்மை, அன்னம்மா. அடுத்து சிவபாக்கியம், ஞானாம்பிகை, திலகவதி, மங்கையர்க்கரசி, புனிதவதி. பிறகு ஈஸ்வரிகளின் காலம்: மகேஸ்வரி, பரமேஸ்வரி, யோகேஸ்வரி என்று ஒரே வகுப்பில் வரிசையாக. அதன் பின்னர் மலர், செல்வி, மொழி என்று முடிகிற தமிழ்ப் பெயர்கள். எங்கள் காலத்துத் தர்சினிகளையும் சாந்தினிகளையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை; இந்த மலரை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

பெரியபுராணப் பெயர்கள் இடாப்பில் ஏறியது தற்செயலாக நடந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் விடுதிப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவைப் பொறுப்பேற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளையும் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையும் அப்படிப் பெயர் பெற்றவர்கள். 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதியிலும் அதே வழக்கம்தான். அந்தப் பாடசாலைகள் பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்த கல்வியை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். அவை இல்லாவிட்டால் மற்றவர்களுக்கும் அந்த எண்ணம் வந்திருக்க இன்னும் காலம் சென்றிருக்கும். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் பெயரும் போய்விடும் என்ற பயம் சைவ வீடுகளில் இருந்தது. ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக அச்சிட்டபோது, பாட்டாக வாசிக்க முடியாதவர்களின் வீடுகளுக்கும் நாயன்மார் கதைகள் போய்ச் சேர்ந்தன. 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி திறக்கப்பட்டது போலச் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்றே கல்லூரிகள் எழுந்த காலத்தில், மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்துப் பள்ளிக்கு அனுப்புவது ஒரு தகப்பனுக்குத் தன் பக்கத்தை வெளிப்படையாகச் சொல்வது போலவும் இருந்திருக்கும்.

அறுபத்துமூவரில் பெண்கள் மூவரே. மூன்றாமவர் சுந்தரரின் தாயார் இசைஞானியார். அவரது பெயரை எங்கள் இடாப்புகளில் காணவில்லை, ஏனோ தெரியாது.

மங்கையர்க்கரசியார் சோழன் மகள், பாண்டியன் மனைவி. அரசன் சமணனாக இருக்க, அமைச்சர் குலச்சிறையாரோடு சேர்ந்து திருஞானசம்பந்தரை மதுரைக்கு அழைத்தவர். அரசனின் வெப்புநோய் திருநீற்றால் தீர்ந்தது. (காய்ச்சலுக்கு நாங்கள் வேறு மருந்து எழுதியிருப்போம் என்பதைத் தொழில் நேர்மைக்காகச் சொல்லிவைக்கிறோம்.) திருக்கோணமலைக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் பதிகம் பாடிய அதே சம்பந்தர், திருவாலவாய்ப் பதிகமொன்றை அரசியின் பெயரிலேயே தொடங்குகிறார். ஒரு பெண்ணின் பெயர் தேவாரப் பதிகமொன்றின் முதற்சொல்லாக நிற்பது சின்ன விடயமல்ல. ஆனால் மங்கையர்க்கு அரசி என்பதைப் பெயர் என்பதா, பட்டம் என்பதா? சுந்தரர் தமது திருத்தொண்டத்தொகையில் அவரை மானி என்று குறிக்கிறார். வாத முடிவில் வரும் கழுவேற்றத்தைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்றும் யோசித்தோம்.

புனிதவதியாரின் கதை வேறு வகை. சம்பந்தருக்கு முந்தியவர், காரைக்கால் வணிகர் மகள். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போய், பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் இன்னொருத்தியை மணந்துகொள்கிறான். அங்கே அவனுக்கு ஒரு பெண்பிள்ளை பிறக்கிறது. பிள்ளைக்கு அவன் வைக்கும் பெயர் புனிதவதி. பிறகு உறவினர் அம்மையாரை அவனிடம் கூட்டிவரும்போது, இரண்டாம் மனைவியோடும் பிள்ளையோடும் வந்து அவர் காலில் விழுந்து, உங்கள் பெயரைத்தான் இவளுக்கு இட்டேன் என்கிறான். அதன் பின்னர்தான் அம்மையார் தம் உடலின் அழகை உதறிப் பேய் வடிவம் கேட்கிறார். அவர் பாடிய பாடல்களில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே சொல்கிறார். புனிதவதி என்ற பெயரை நாம் சேக்கிழார் வாயிலாகத்தான் அறிகிறோம். பொலனறுவைச் சிவாலயத்தில் கிடைத்த வெண்கலப் படிமங்களில் அம்மையாரும் உண்டு, கையில் தாளத்தோடு, விலாவெலும்பை எண்ணக்கூடியதாக.

சமயபாட வகுப்பில் மாங்கனியைப் படித்தோம், தலையால் நடந்ததைப் படித்தோம். அந்தச் சின்னப் புனிதவதியை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்த ஞாபகமில்லை. பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆனாள் என்று புராணத்திலும் இல்லை.

உறவினர் சிலருக்குப் புனிதவதி என்ற பெயரில் விருப்பமில்லை. கணவன் விட்டுப்போனவளின் பெயரைப் பெண்பிள்ளைக்கு ஏன் என்று ஒரு பெரியம்மா நேரடியாகவே கேட்டார். மங்கையர்க்கரசி கணவனோடு வாழ்ந்து அவனையும் மீட்டவள், மங்களமான பெயர் என்பது அவரது கட்சி. எதிர்க்கட்சியில் தங்கையின் கணவர். தன் தாயாரின் பெயராக இருந்தாலும், ஆங்கிலத்தில் 15 எழுத்து, பள்ளியில் முதல் நாளே வெட்டிக் குறுக்கிவிடுவார்கள் என்றார். எங்களுக்கு இரண்டு நியாயமுமே பிடிக்கவில்லை.

சங்கத்தின் பழைய ஆண்டறிக்கைகளையும் அன்று எடுத்துப் பார்த்தோம். தலைவி, செயலாளர், தனாதிகாரி எல்லோரும் திருமதி என்று தொடங்கிக் கணவர் பெயரில் முடிகிறார்கள். பல இடங்களில் சொந்தப் பெயரின் முதலெழுத்துக்கூட இல்லை. சேர்விடாப்பிலோ அதே பெண்கள் தகப்பன் பெயரோடு நிற்கிறார்கள். இரண்டையும் பொருத்த முயன்று தோற்றுப்போனோம். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்து, இந்நாட்டுப் பெண்கள் வாக்காளர் இடாப்பில் இடம்பெற்ற பிறகும், நமது சொந்த அறிக்கையில் செயலாளர் யார் என்று கண்டுபிடிக்க அவரது கணவரைத் தேட வேண்டியிருக்கிறது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் கலியாணத்தோடு போய், கணவன் பெயர் வருகிறது. பெண்ணோடு கடைசி வரைக்கும் இருப்பது அவளுக்கு வைத்த பெயர் ஒன்றுதான். அதையும் வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. பிள்ளை, தங்கச்சி, ராசாத்தி, அக்கா, மாமி, ஆச்சி என்று வயது போய்விடும். முழுப்பெயர் சத்தமாக ஒலித்தது காலையில் இடாப்புக் கூப்பிடும்போது, ரீச்சரின் வாயில்தான்.

எங்கள் அம்மம்மாவை ஊரில் எல்லோரும் சின்னப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். நாங்கள் அதுவே அவரது பெயர் என்று நினைத்து வளர்ந்தோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியபோது அவரும் எங்களோடு தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் உறவினர் வீட்டு விறாந்தையில் அவரது காலம் முடிந்தது. இறப்பைப் பதியப் போனபோது, 17 வயதில் நாங்கள் அம்மாவோடு துணைக்குப் போனோம். பெயர் என்ன என்று கேட்டார்கள். "புனிதவதி" என்று அம்மா சொன்னார். யாருடைய பெயரை இவர் மாற்றிச் சொல்கிறார் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை. அம்மம்மாவின் படங்களும் இல்லை, கலியாணப் படம் உட்பட.

இடாப்பில் அவரை 1934ஆம் ஆண்டுப் பக்கத்தில் கண்டோம். புனிதவதி, தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த திகதி. நீல மை மண்ணிறமாகி இருந்தது. கைத்தொலைபேசியில் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினோம். மாமியின் பெயரும் பின்னால் ஒரு தொகுதியில் இருந்தது. அதையும் அனுப்பினோம், ஒரு பக்கம் சாய்ந்தோம் என்று வரக்கூடாது.

எங்கள் விடுதியில் பிறக்கும் பிள்ளைகளுக்கு முதல் நாட்களில் பெயர் இருப்பதில்லை. இன்னாரின் குழந்தை என்று தாயின் பெயரைத்தான் கையில் கட்டுகிறோம். பிள்ளையின் வாழ்க்கையில் தாயின் பெயர் முன்னுக்கு நிற்பது அந்தச் சில நாட்கள் மட்டுமே. கனடாவில் இன்னொரு வகைச் சிக்கல். அங்கே தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. கலியாணத்தோடு போகும் என்றும் இல்லை. அப்படியானால் முன்னால் வரும் பெயரையாவது பெண்வழியிலிருந்து எடுக்கவேண்டும் என்று தங்கைக்கு எழுதினோம். எந்தப் பெண் என்று எழுதவில்லை. எங்கள் மனம் புனிதவதியில்தான் இருந்தது. அம்மம்மாவின் பேத்தி சொல்லும் தீர்ப்பை மாமி எப்படி ஏற்பார் என்ற கூச்சம்.

பெயர்ப் பதிவுப் படிவம் மேசையில் கிடக்க, இடாப்புப் படங்கள் இரண்டையும் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாராம். தன் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வகுப்பாசிரியை தன்னை ஒன்பது எழுத்தும் விடாமல் கூப்பிட்டதைச் சொன்னாராம். "பிள்ளை, என்ரை பெயரைச் சொல்ல நான் இருக்கிறன். அவவின்ரை பெயருக்கு ஆர் இருக்கினம்? புனிதவதி எண்டு எழுதுங்கோ."

அப்படியே எழுதினார்கள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவன்று பெயர் சொன்னதும் மாமிதான். தங்கையின் கணவர் இப்போதே புனி என்று குறுக்கத் தொடங்கிவிட்டார். மாமி விடுவதில்லை. காலையில் தொட்டிலடிக்குப் போய், இடாப்புக் கூப்பிடுவது போல ஐந்து எழுத்தையும் கூப்பிடுகிறார். பிள்ளை தலையைத் திருப்பிப் பார்க்கிறாளாம்.