குழாய்க்குள்ளே ஒரு கணக்கு

கிணற்றிலே தண்ணி இருக்கு, மோட்டாரும் ஓடுது; ஆனா கடைசி வயலில் மட்டும் குழாய் சொட்டுதே, ஏன்? நான் கூட ஒருமுறை, விலை மலிவாச்சே என்று பாதி விட்டமுள்ள குழாயைச் சிபாரிசு செய்துவிட்டு, ஒரு பெரியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் கோபம் நியாயம்தான். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டத்தில் தள்ளினால், உராய்வில் போகிற அழுத்தம் சுமார் 30 மடங்கு ஆகிவிடும்.

ஒற்றைக் குழாய்க்குக் கணக்குப் போடுவது சுலபம். நகரத்துக் குடிநீர்க் குழாய்களோ வலை மாதிரி பின்னிக் கிடக்கும். எதில் எவ்வளவு ஓடும்? 1936-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். மடை திருப்புகிற உங்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு சந்திப்புக்கு வருகிற தண்ணீர் அத்தனையும் வெளியே போயாக வேண்டும். இரண்டு வழியாகப் பிரிந்து மறுபடி ஒன்றுசேர்கிற தண்ணீர், எந்த வழியே வந்தாலும் இழக்கிற அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். ஆகவே முதலில் குத்துமதிப்பாக ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டியது. இந்த வழியில் இழப்பு கூடுதலா? கொஞ்சம் தண்ணீரை அந்த வழிக்குத் தள்ளு. திரும்பக் கணக்குப் பார், திரும்பத் திருத்து. வித்தியாசம் அற்பமாகிற வரைக்கும் இதே வேலைதான்.

காகிதமும் பென்சிலும் போதும், பொறுமைதான் மலையளவு வேண்டும்! பெரிய ஊர் என்றால் எழுதி மாளாது. 1957-இல் ஹோக், வெயின்பெர்க் என்ற இருவர் இந்த முறையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்து, கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரக் குழாய்களுக்குக் கணக்குப் போட்டார்கள். 1987-இல் டோடினி, பிலாட்டி இருவரும் வலை முழுவதையும் ஒருசேரத் தீர்க்கும் வழியை வெளியிட்டார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1993-இல் எபாநெட் என்ற கம்ப்யூட்டர் நிரலை இலவசமாகவே கொடுத்தது. டோடினி, பிலாட்டி வழிதான் அதற்குள்ளே ஓடுகிறது.

ஆனா ஒண்ணு, கம்ப்யூட்டர் தோண்டிப் பார்க்காது. குழாயின் நீளம், விட்டம், உள்பக்கச் சொரசொரப்பு, தரையின் மேடு பள்ளம் எல்லாம் நாம்தான் சொல்ல வேண்டும். இருபது வருஷத் துருப்பிடித்த இரும்புக் குழாயைப் புதுக் குழாய் என்று எழுதிக் கொடுத்தால், கடைசி வீட்டுக்கும் தண்ணீர் போகும் என்று அது தாராளமாகச் சொல்லிவிடும். அங்கே குடத்தோடு நிற்கிற அம்மாவுக்குத்தான் உண்மை தெரியும்.

சொட்டுநீர்க் குழாய் போட நினைப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னாலே வயலின் நீளத்தையும் மேடு பள்ளத்தையும் அளந்து, ஒரு தாளில் படம் போட்டு உங்கள் விரிவாக்க அலுவலரிடம் கொண்டு போங்கள். பம்பு எத்தனை குதிரைச் சக்தி என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.